பச்சைச் சட்டை நான்கு

ஜனெல் ப்ரூயிட்டின் பிள்ளைகள் நான்கு பேரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மிதிக்க விட்டால்தானே. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துத் தென்கோடி மலைக்காட்டில், பிளம் ஃபோர்க் என்ற சின்ன ஊருக்கு வெளியே, சமையலறை மேஜையிலேயே அவர்களுக்குப் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை, கணக்கு டீச்சர், பாட்டு டீச்சர், மத்தியானச் சாப்பாடு போடுகிறவள் எல்லாம் ஜனெல் ஒருத்திதான். லீவு எடுக்காத ஆசிரியை, சம்பளம் கேட்காத ஆசிரியை. அதை அவளே வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லுவாள்.

வருடத்துக்கு ஆயிரம் மணி நேரப் படிப்பை நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. மற்ற தாய்மார்கள் ஆயிரம் என்றதும் மலைத்துப் போவார்கள். ஜனெலுக்கு அது பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். பாத்திரம் கழுவினால் அறிவியல். கடைக்குப் போனால் கணக்கு. தம்பியை அடித்தால் அடித்தவனுக்குச் சமூகவியல், அடி வாங்கினவனுக்கு உடற்கூறு. காய்ச்சல் வந்து படுத்தால்கூட வெப்பமானியைப் பார்த்துத் தசமப் புள்ளி சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சும்மா இருப்பது ஒன்றுதான் எந்தப் பாடத்திலும் சேராது. ஆகவே யாரும் சும்மா இருந்ததில்லை.

இதில் கோடைக்காலம் வந்தால் ஜனெலுக்கு எரிச்சல் தொடங்கிவிடும். ஒன்பது மாதம் அருங்காட்சியகமும் பூங்காவும் நீச்சல் குளமும் அவள் குடும்பத்தின் சொத்து மாதிரி இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் காவலாளி பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஜூன் பிறந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் தங்கள் பிள்ளைகளை அவிழ்த்து விட்டுவிடுகின்றன. எங்கே பார்த்தாலும் கூட்டம், கூச்சல், கீழே சிந்திய ஐஸ் தண்ணீர். "இவங்களை அடைச்சு வச்சிருக்கிறதுக்குத்தானே வரி கட்டறோம்?" என்று கணவன் டுவைட்டிடம் பொருமுவாள். டுவைட் டிராக்டர் மெக்கானிக். இன்ஜினுக்குத்தான் காது கொடுப்பான்.

அந்த வருடம் எரிச்சலுக்கு மேல் ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம், வீட்டுப் பின்புறத்தில் டுவைட் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா வாண்டா வந்திருந்தாள். ஊர்ப் பள்ளியில் இருபத்தெட்டு வருடமாக நான்காம் வகுப்பு எடுக்கிறவள். நாத்தனார் என்றால் எந்தச் சீமையிலும் நாத்தனார்தான். அதிலும் பள்ளி ஆசிரியையாக வாய்த்த நாத்தனார் என்றால் கேட்கவே வேண்டாம்.

"என்ன ஜனெல், பிள்ளைங்க வெளியாளுங்களோட பேசுதா? இல்ல இன்னும் ஆட்டுக்குட்டியோடதானா?"

"உங்க ஸ்கூல்ல மணி அடிச்சாத்தானே பேசவே விடுவீங்க? தலை எண்ணுறதுக்கு ஆடு மாடு இருக்கு வாண்டா. நான் பிள்ளை வளக்கறேன்."

இப்படி இருவரும் அன்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், மூத்தவள் டபிதா, பன்னிரண்டு வயது, சோளக்கதிரைத் தட்டில் வைத்துவிட்டு, "அம்மா, நான் ஆகஸ்ட்லேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். கேட்கக்கூட இல்லை. உப்பை எடு என்கிற குரலில் சொன்னாள்.

வாண்டா வாயைத் திறக்கவில்லை. அதுதான் ஜனெலுக்குப் பொறுக்கவில்லை. திறந்திருந்தால் மூடியிருக்கலாம்.

"பாக்கலாம்" என்றாள் ஜனெல். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'கிடையாது' என்று அர்த்தம். மூன்று வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு டுவைட், வருடத்துக்கு ஒரு தடவை பேசுகிறவன், இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பேசிவிட்டான்.

"பாக்கலாம்னா என்னிக்குன்னு சொல்லிரு, ஜனெல். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ஸ்கூல்ல பேர் எழுதறாங்க. அன்னிக்கும் அவ போறேன்னு சொன்னா, போகட்டும்."

அக்கா முன்னால் சொன்ன வார்த்தை. மாற்ற முடியாது. ஜனெலுக்கு நான்கு வாரம் இருந்தது. அதற்குள் பள்ளிக்கூடம் என்ற ஆசையே பெண்ணின் மனதிலிருந்து கழுவிவிட்டது போலப் போய்விட வேண்டும். அன்று சாயங்காலமே காலண்டரை எடுத்து உட்கார்ந்தாள். நான்கு வாரத்தில் இருபத்தி மூன்று பயணம். ஞாயிறு மட்டும் தேவாலயத்துக்காக விட்டு வைத்தாள், கடவுளுக்கும் ஒரு நாள் கொடுக்க வேண்டுமே என்று.

முதலில் ஒரு குகை. உள்ளே போனதும் வழிகாட்டி விளக்கை அணைத்து, "இதுதாங்க சுத்தமான இருட்டு" என்றான். கடைக்குட்டி கிளெமி, ஐந்து வயது, வீறிட்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில் ஜனெல் வௌவால் எப்படி எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்று விளக்கினாள். குகையிலிருந்த வௌவால்களுக்கே அது அன்றுதான் தெரிந்திருக்கும். விளக்கு வந்தபோது எட்டு வயது ஆரினைக் காணோம். அரை மணி நேரம் தேடி, டெக்சாஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு அவன் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாளே ஜனெல் நான்கு சட்டை வாங்கினாள். கண்ணைக் குத்துகிற எலுமிச்சைப் பச்சை. அரை மைல் தூரத்தில் நின்றாலும் தெரியும். அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது: திரும்பிப் பார், பச்சையை எண்ணு, நான்கா, வண்டியை எடு.

பிறகு ஆறு. படகு கவிழ்ந்தது. ரொட்டிப் பொட்டலம் மிதந்து போவதைப் பார்த்து ஜனெல் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே மிதப்பு விதியைச் சொன்னாள். பிறகு காட்டு நடை. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருத்தர் காலிலிருந்தும் உண்ணியைப் பிடுங்கி, பூதக்கண்ணாடியில் அதற்கு எத்தனை கால் என்று எண்ண வைத்தாள். எட்டு. பத்து வயது எஸ்ராவுக்கு விஷக்கொடி பட்டு முகமெல்லாம் வீங்கியது. அது தாவரவியல்.

ஒவ்வொரு பயணம் முடிந்தும் வண்டியில் ஒரே கேள்வி: "இன்னிக்கு என்னென்ன கத்துக்கிட்டோம்? ஆளுக்கு மூணு சொல்லுங்க." டபிதா மூன்று சொல்லுவாள். சரியாகச் சொல்லுவாள். கடைசியில், "நல்லா இருந்துச்சும்மா" என்றும் சேர்த்துக்கொள்வாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்கிற மாதிரி. அந்த மரியாதைதான் ஜனெலைப் பயமுறுத்தியது. முரண்டு பிடித்தால் சண்டை போடலாம். நன்றி சொல்கிறவளை என்ன செய்வது?

ஜூலை கடைசிச் செவ்வாய். பேர் எழுத மூன்றே நாள். அன்றைக்கு இரண்டு பயணம் வைத்திருந்தாள்: காலையில் மலை ஊற்றுப் பக்கத்து மீன் பண்ணை, மத்தியானம் இருபது மைல் தள்ளி நாமே பறித்துக்கொள்ளும் புளூபெர்ரித் தோட்டம். மீன் பண்ணையில் நீள நீளமான சிமெண்ட் தொட்டிகளில் டிரவுட் மீன்களை வளர்த்து ஆற்றில் விடுவார்கள். இயந்திரத்தில் ஒரு காசு போட்டால் கைப்பிடி இரை விழும். அதை வீசினால் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் துள்ளும். ஜனெல் மீனின் செவுள் பற்றிப் பேச ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, மஞ்சள் பஸ் ஒன்று வந்து நின்றது.

ஊர்ப் பிள்ளைகளுக்கான கோடை முகாம். பெற்றவர்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளைகளை மேய்க்கிற ஏற்பாடு. விசில் ஒன்று ஊதியது. கதவு திறந்தது. முப்பது பிள்ளைகள் இறங்கினார்கள். முப்பது பேரும் எலுமிச்சைப் பச்சைச் சட்டை.

"அம்மா, நம்ம சட்டை!" என்றான் ஆரின்.

"நம்ம சட்டை இல்லடா. அவங்க சட்டையில ஏதோ எழுதியிருக்கு பாரு, முதுகுல." எழுதித்தான் இருந்தது. தோளுக்குக் கீழே சின்னதாக, வெளுத்துப்போய். "பாத்தியா, எப்படி ஓட்டிக்கிட்டுப் போறாங்கன்னு? ரெண்டு ரெண்டா நில்லு, கைய நீட்டு, வாய மூடு. இதுக்குப் பேரு படிப்பாம்." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள், டபிதா காதில் விழட்டும் என்று.

டபிதா காதில் எதுவும் விழவில்லை. அவள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவன் பந்தியைப் பார்க்கிற பார்வை.

பிறகு எல்லாரும் மீன் தொட்டிகள் இருந்த கட்டடத்துக்குள் போனார்கள். உள்ளே மங்கலான வெளிச்சம், கண்ணாடிக்குப் பின்னால் மீன்கள், எங்கே பார்த்தாலும் பச்சை முதுகுகள். ஜனெல் கிளெமியைத் தூக்கிக்கொண்டு ஆமை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இடி இடித்தது. மலைப் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வராது. ஒரு நொடியில் கொட்ட ஆரம்பித்தது. மரத்தடி மேஜையில் விரித்து வைத்திருந்த மத்தியானச் சாப்பாடு நனைவதைப் பார்த்து ஜனெல் பாய்ந்தாள். கூடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "வண்டிக்கு ஓடுங்க!" என்று கத்தினாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பச்சைகள் ஓடின. வண்டிக் கதவடியில் நின்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கதவைச் சாத்தினாள். வண்டியை எடுத்தாள்.

வண்டியில் ஒரு சட்டம் உண்டு. ஓடும் நேரம் வீணாகக் கூடாது என்பதால் ஒலிப் பாடம் ஓடும். அத்தியாயம் முடியும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. அன்றைக்கு ரோமாபுரி வீழ்ச்சி. ஜனெல் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தோளுக்கு மேல் கையைப் பின்னால் நீட்டி, ஒவ்வொரு சாண்ட்விச்சாகக் கொடுத்தாள். நான்கு கை வாங்கிக்கொண்டது. செர்ரிப் பழ டப்பாவையும் நீட்டினாள். அதுவும் பின்னால் போய் மறைந்தது. கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள். நான்கு பச்சை. மழையில் வைப்பர் அடிக்க, ரோமாபுரி சரியத் தொடங்கியது.

முக்கால் மணி நேரம் கழித்து, மழையில் ஊர்ந்து ஊர்ந்து, தோட்டத்துப் பலகை கண்ணில் படும்போது அத்தியாயம் முடிந்தது. ஜனெல் ஒலியை அணைத்தாள்.

"சரி. ரோமாபுரி ஏன் விழுந்துச்சு? டபிதா, நீ சொல்லு."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்குத் தெரியலைங்க. நான் பிரின்லி."

ஜனெல் பிரேக்கை மிதித்த மிதியில் செர்ரிக் கொட்டைகள் முன் சீட்டுவரை உருண்டு வந்தன. திரும்பிப் பார்த்தாள். டபிதா இருக்க வேண்டிய இடத்தில், டபிதா உயரத்தில், கன்னமெல்லாம் புள்ளி விழுந்த ஒரு பெண், வாயில் செர்ரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"டபிதா எங்கே?"

"எங்க வரிசையில நிக்கறா. சாப்பாட்டு நேரம் மட்டும் மாத்திக்கலாமான்னு கேட்டா. உங்ககிட்ட செர்ரி இருக்குன்னு சொன்னா. எங்களுக்குத் தினம் ஈரச் சாண்ட்விச்." பிரின்லி கொட்டையை நாகரிகமாகக் கையில் துப்பினாள். "மழை வந்ததும் நீங்க ஓடச் சொன்னீங்க. பெரியவங்க ஓடச் சொன்னா ஓடணும்ல?"

பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்றால் இப்படித்தான், சொன்னதைச் செய்யும் என்று ஜனெலுக்கு வழக்கமான வாக்கியம் வாய்வரை வந்தது. அதற்குள் வேறொரு நினைப்பு வந்து அதைத் தள்ளிவிட்டது. மீன் பண்ணைக்குப் பின்னால் ஊற்று. ஊற்றுக்குக் கீழே ஆறு. மழையில் ஆறு ஒரு மணி நேரத்தில் ஆளுயரம் ஏறும்.

"ஏண்டா," மகன்கள் பக்கம் திரும்பினாள். "பக்கத்துல உக்காந்திருக்கிறது உங்க அக்கா இல்லன்னு உங்களுக்குத் தெரியல?"

எஸ்ரா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி பிரின்லியை முதல் தடவையாகப் பார்த்தான். ஆரினுக்கு மட்டும் கோபம்.

"எனக்குத் தெரியும்! அத்தியாயம் முடியறவரைக்கும் பேசக் கூடாதுன்னு நீதானே சொன்னே? நான் கையத் தூக்கினேன். எவ்வளவு நேரம் தூக்கினேன்! நீ திரும்பவே இல்ல."

ஜனெல் வண்டியைத் திருப்பினாள். போனில் சிக்னல் இல்லை. அந்த மலைகளில் என்றைக்கு இருந்தது. வந்த நேரத்தில் பாதியிலேயே திரும்பிப் போனாள். வளைவுகளில் பின்னால் நான்கு தலையும் ஒன்றாகச் சாய்ந்தன. என் பெண்ணை விட்டுவிட்டு வந்துவிட்டேன், எண்ணிப் பார்த்து விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று மனசு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது.

"அவ எப்படி மாத்திக்கலாம்னு சொன்னா?" ஜனெல் கேட்டாள். பேசாமல் இருந்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. "எனக்குத் தெரிஞ்சிடும்னு அவளுக்குப் பயமா இல்லையா?"

"நானும் அதான் கேட்டேன். உங்கம்மா கண்டுபிடிச்சிருவாங்களேன்னு. 'அம்மா மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, சட்டையத்தான் எண்ணுவாங்க'ன்னா." பிரின்லி கொஞ்சம் யோசித்தாள். "உங்க வண்டி நல்லா இருக்குங்க. எங்க பஸ்ஸுல யாரும் கதை சொல்றதில்ல. அந்த ரோமாபுரி ஏன் விழுந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்களேன்?"

ஜனெல் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை தானாகக் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

மீன் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. முகாம் பிள்ளைகள் சுவரில்லாத கூரைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் விசிலோடு ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், வாசலில் நின்றாள்.

"என் பொண்ணு இங்க இருக்கா?" ஜனெல் மூச்சு வாங்கினாள்.

"இருக்காதுங்களே மேடம். இவங்க எல்லாம் எங்க பிள்ளைங்க. முப்பது பேர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணறோம். இப்பத்தான் எண்ணினேன், சரியா இருக்கு."

ஜனெல் பிரின்லியைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "அப்ப இது யாரு?"

விசில்காரியின் முகம் வெளிறிப்போனது. "பிரின்லி? நீ... நான் எண்ணினேனே! முப்பது வந்துச்சே!"

இந்த நிமிடத்துக்காகத்தான் ஜனெல் பன்னிரண்டு வருடம் பயிற்சி எடுத்திருந்தாள் என்று சொல்லலாம். பிரசங்கம் முழுசாகத் தயாராக இருந்தது. பிள்ளைகளை எண்ணிக்கையாகப் பார்க்கிற கூடம், முகம் தெரியாத வரிசை, விசில், இதற்கா வரி கட்டுகிறோம், எல்லாம். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதையாகிவிடும். இவளாவது முப்பது எண்ணித் தவறவிட்டாள். தான் நான்கே நான்கை எண்ணித் தவறவிட்டவள்.

"நானும் எண்ணினேன்மா," என்றாள். "எனக்கும் சரியாத்தான் வந்துச்சு."

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ஜனெல் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே உள்ளே பார்த்தாள். வரிசையாக முதுகுகள். முதல் தடவையாக, சட்டையை விட்டுவிட்டு முகங்களைத் தேடினாள்.

டபிதா தூணோரம் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவள் வயதுப் பெண்கள். ஒருத்தி பின்னாலிருந்து அவள் ஈரத் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். ஒருத்தி தரையில் சிந்திய தண்ணீரில் விரலால் கோடு இழுத்தாள். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. டபிதா வாய் பிளந்து கொட்டாவி விட்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் விட்டாள். பிறகு எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மகள் அப்படிச் சிரித்து ஜனெல் பார்த்ததில்லை.

அம்மாவைக் கண்டதும் சிரிப்பு நின்றது. டபிதா எழுந்து வந்தாள். எழுந்து வந்து பக்கத்தில் நின்றபோதுதான், அவள் தன் காது உயரத்துக்கு வளர்ந்திருப்பது ஜனெலுக்குத் தெரிந்தது. அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே ஓரமாக ஈர பெஞ்சுக்கு இழுத்துப் போனாள்.

"சாப்பாட்டு நேரம் மட்டும்தான்மா. நீ கெளம்பிப் போயிடுவேன்னு நினைக்கல. வண்டி போறதப் பாத்ததும் ஓடிவந்தேன், அதுக்குள்ள போயிட்டே. எப்படியும் நீ திரும்பி வருவேன்னு இங்கயே இருந்தேன்." டபிதா தலையைக் குனிந்துகொண்டாள். "திட்டணும்னா திட்டிக்கோ."

"அப்புறம் திட்டறேன். முதல்ல சொல்லு, எப்படி இருந்துச்சு?"

"என்னது?"

"அதான். இது." ஜனெல் கொட்டகைப் பக்கம் தலையை ஆட்டினாள்.

டபிதா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். வீட்டில் வளர்ந்ததன் ஒரு பலன்.

"பயங்கர போரும்மா. தண்ணி குடிக்க இருபது நிமிஷம் வரிசையில நின்னோம். அப்புறம் சும்மா நிக்கறதுக்கு ஒரு வரிசை. சாண்ட்விச் நிஜமாவே ஈரம். அந்த அக்கா இந்த மீன் பேர் என்னன்னு கேட்டாங்க, தப்பாச் சொன்னாங்க, நான் திருத்தல."

ஜனெலுக்கு நெஞ்சில் ஏதோ துள்ளியது. அந்த நிலையிலும் துள்ளியது; வெட்கமில்லாத மனசு. நான்கு வாரம், இருபத்தி மூன்று பயணம் செய்யாததை ஓர் ஈரச் சாண்ட்விச் செய்துவிட்டது. கடவுள் பெரியவர்.

"பாத்தியா? நான் என்ன சொன்னேன்? அப்ப வெள்ளிக்கிழமை பேர் எழுத வேண்டாம்தானே."

"இல்லம்மா. எழுதணும்."

"போருன்னு இப்பத்தானே சொன்னே!"

"ஆமா. ஆனா பன்னெண்டு பேர் சேர்ந்து போரடிச்சோம்." டபிதா பெஞ்சின் ஈரத்தை உள்ளங்கையால் வழித்தாள். "உன்னோட போனா ஒரு நிமிஷம்கூட போரடிக்காதும்மா. எனக்குத் தெரியும். நீ எவ்வளவு கஷ்டப்படறேன்னும் தெரியும். ஆனா எல்லாத்தையும் நீதானே கொண்டுவர்றே. நானும் நீயும்தான். அங்க யாரும் எதுவும் கொண்டுவரல. நாங்களே சும்மா உக்காந்திருந்தோம். என்ன கத்துக்கிட்டேன்னு யாரும் கேக்கல."

ஜனெலுக்கு வலித்தது. சுருக்கென்று குத்துகிற வலி இல்லை. நாள் முழுக்கச் சமைத்து வைத்ததை, நன்றாக இருக்கிறது, பசிக்கவில்லை என்று தள்ளி வைத்தால் வருகிற வலி. சண்டை போட வேண்டும் என்று பார்த்தாள். வாதங்கள் எல்லாம் இருந்தன, ஒன்றையும் எடுக்கக் கை வரவில்லை. தூறலில் கொட்டகைக்குள் விசில் ஊதியது. முகாம்காரி மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு.

"ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்காம்?" என்றாள் ஜனெல் கடைசியில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஆறு அம்பதுக்கு."

"யாரு சொன்னா? இந்தப் பொண்ணுங்களா?"

"யாரும் சொல்லலம்மா. நம்ம வீட்டு முன்னாடிதானே போகும். ஸ்கூல் இருக்கற நாள்ல தினம் பாப்பேன்."

"ஆறு அம்பதுக்கு நீ தூங்கிக்கிட்டில்ல இருப்பே? எட்டரைக்கு நான் வந்துதானே எழுப்பறேன்."

"எந்திரிச்சு மாடி ஜன்னல்ல நிப்பேன். பஸ் போனதும் மறுபடி படுத்துக்குவேன்." டபிதா தயங்கினாள். "நாலாவது சீட்டுல ஒரு பொண்ணு உக்காந்திருப்பா. கைய ஆட்டுவா. நானும் ஆட்டுவேன்."

"எத்தனை நாளா இது?"

"மூணு வருஷமா."

ஜனெல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மழைதான் என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

"அவ பேரு என்ன?"

"தெரியலம்மா. கண்ணாடி மூடியிருக்குமே."

வண்டியிலிருந்து ஆரின் ஹாரனை அடித்தான். ஜனெல் எழுந்து, ஈரமாகிவிட்ட பாவாடையை உதறினாள். குரலில் கோபத்தை வரவழைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆகஸ்ட்ல கேட்டுத் தெரிஞ்சுக்க," என்றாள்.